கேள்வி கேட்கும் நிரலுக்குச் சி மொழியிலிருந்து பதில் சொல்வது எப்படி? பைப் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கமாண்ட் லைனில் ஓடும் கருவி ஒன்று நடுவில் நின்று "தொடரலாமா?" என்று கேட்கிறது. ஒரு எழுத்தைத் தட்டி என்டர் அடிக்கிறோம். ஒரு முறை என்றால் சரி. நாற்பது முறை கேட்டால், அந்தப் பதிலை நம் சி நிரலே சொல்லட்டும் என்று தோன்றும். இரண்டு நிரல்களை இணைக்கும் குழாயான பைப் ஒன்றைத் திறந்து பதிலை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். பிறகு திரை அசையாமல் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, சிபியுவும் ஓய்வாக இருக்கும். இரண்டு நிரல்களும் உயிரோடுதான் இருக்கின்றன; "நீ முதலில் பேசு" என்று ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்த நொடியில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? இதற்கு விடை தெரிந்தால் கீழே வரும் எல்லாச் சிக்கலும் தானே பிரியும்.

லினக்ஸையும் குனு சி லைப்ரரியையும் வைத்துத்தான் சொல்கிறேன். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மேனுவல் பக்கத்தில் தேடும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், பைப் உண்மையிலேயே தேவையா?

பல கருவிகள் கேள்வியே கேட்காமல் ஓட வழி வைத்திருக்கின்றன. ஏபிடி-கெட் கமாண்டுக்கு -ஒய், சாவி உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென்னில் கடவுச்சொற்றொடருக்குப் பெரிய எழுத்து -என், கடவுச்சொல்லை ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து (நிரல் இயல்பாகப் படிக்கும் வாசலிலிருந்து) வாங்க சூடோவுக்குப் பெரிய எழுத்து -எஸ், பயனர்களின் கடவுச்சொற்களை மொத்தமாக மாற்ற சிஎச்பாஸ்டபிள்யூடி. மேனுவலில் பத்து நிமிடம் செலவிட்டு இப்படி ஒன்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராம்ப்ட்டின், அதாவது கேள்வியின், வாசகம் அடுத்த வெளியீட்டில் மாறலாம். ஆப்ஷன் அவ்வளவு எளிதில் மாறாது.

எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்பதே பதில், கேள்வி என்னவென்று கவலையில்லை என்றால் பிஓபன் போதும்; ஒரு கமாண்டை ஓட்டி அதோடு ஒரு பைப்பை மாட்டித் தரும் செயற்கூறு அது. எழுதும் முறையில் திறந்து, பதில்களை எழுதி, பிக்ளோஸ் செய்துவிடலாம். ஆனால் பிஓபன் ஒருவழிப் பாதை. எழுதலாம், அல்லது படிக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது. அதாவது கேள்வியைப் பார்க்காமலே பதில் சொல்கிறோம்.

இதன் விலையை நான் ஒருமுறை கொடுத்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு கருவிகளுக்கு அமைப்பு ஏற்ற வேண்டிய வேலை. தயாரிப்பாளர் கொடுத்த நிரல் ஏழு கேள்விகள் கேட்கும்: கருவியின் பெயர், கடவுச்சொல், நெட்வொர்க் முகவரி என்று வரிசையாக. ஏழு பதில்களையும் பிஓபன் வழியாக ஒரே மூச்சில் தள்ளினேன். எட்டுக் கருவிகள் சரியாக ஏறின. ஒன்பதாவது ஏற்கெனவே வேறெங்கோ ஓடிய கருவி. "பழைய அமைப்பு இருக்கிறது, அழிக்கவா?" என்று எட்டாவதாக ஒரு கேள்வி முன்னால் வந்து நின்றது. அதற்குப் பதிலாகப் போனது கருவியின் பெயர். பெயர் கேட்ட இடத்தில் கடவுச்சொல் உட்கார்ந்தது. அந்தக் கருவி தன் கடவுச்சொல்லையே பெயராக நெட்வொர்க் முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கேள்வியைப் படிக்காமல் நான் பதில் அனுப்புவதில்லை. உங்களுக்கும் அதையே வலியுறுத்திச் சொல்கிறேன்.

கோடு எழுதுமுன் கருவியைக் கொஞ்சம் விசாரியுங்கள்

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். கேள்வி எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது? பதிலை எங்கிருந்து படிக்கிறது? எதிரே டெர்மினல் இல்லாதபோதும் கேள்வியை உடனே வெளியே தள்ளுகிறதா?

மூன்றையும் ஷெல்லிலேயே பார்த்துவிடலாம். பிழைச் செய்திகள் வரும் வாசலான ஸ்டாண்டர்ட் எரரை, அதாவது 2-ஐ, போட்டதையெல்லாம் விழுங்கும் /டெவ்/நல் பக்கம் திருப்பி ஓட்டுங்கள். கேள்வி காணாமல் போனால் அது 2-ன் வழியாக வருகிறது. கோப்பை நீக்கும் ஆர்எம் கமாண்டை, நீக்குமுன் கேட்கச் சொல்லும் "-ஐ" ஆப்ஷனோடு ஓட்டுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோப்பை நீக்கவா என்ற கேள்வி ஸ்டாண்டர்ட் எரரில்தான் வருகிறது. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் பைப்பில் மாட்டிவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் உங்களுக்கு அது கிடைக்காது.

அடுத்து, இன்புட்டை /டெவ்/நல்லிலிருந்து கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் கேள்வி கேட்டு, விசைப்பலகையில் நீங்கள் தட்டுவதை ஏற்றுக்கொண்டால், அது ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படிக்கவே இல்லை. /டெவ்/டிடிஒய் என்ற கோப்பைத் திறந்து நேரே டெர்மினலோடு பேசுகிறது. சூடோவும் எஸ்எஸ்எச்சும் கடவுச்சொல்லுக்கு இப்படித்தான் செய்கின்றன. அங்கே வெறும் பைப் உதவாது. கீழே வரும் பிடிஒய் (போலி டெர்மினல்) பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவதாக, கருவியின் அவுட்புட்டை, வந்ததை அப்படியே அச்சிடும் கேட் கமாண்டுக்குள் பைப் செய்து ஓட்டுங்கள். கேள்வி திரையில் வருகிறதா? வராமல் நின்று, குருட்டாம்போக்கில் பதிலைத் தட்டியபின் கேள்வியும் விளைவும் சேர்ந்து கொட்டினால், எழுத்துகளை வெளியே விடாமல் சேர்த்து வைக்கும் கருவியின் பஃபர்தான் தடை. இந்த மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

போக்கும் வரவும்

பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் 1964-ல் எழுதிய குறிப்பொன்றில், தோட்டத்து ஹோஸ் குழாயைத் துண்டு துண்டாகத் திருகி மாட்டுவதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்றார். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். குழாய் என்ற உவமை இன்றும் துல்லியமாகப் பொருந்துகிறது. லினக்ஸில் பைப் ஒரு பக்கம்தான் பாயும். உரையாடலுக்கு இரண்டு குழாய் வேண்டும்.

இரண்டு உறுப்புகள் கொண்ட இரண்டு முழு எண் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் போக்கு என்றும் மற்றதற்கு வரவு என்றும் பெயர் வைக்கிறேன். பைப் என்ற செயற்கூறை ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அழைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபைல் டிஸ்க்ரிப்டர்கள், அதாவது திறந்த கோப்பையோ பைப்பையோ குறிக்கும் எண்கள், கிடைக்கும். [0] படிக்கும் முனை, [1] எழுதும் முனை. ஸ்டாண்டர்ட் இன்புட் 0, அவுட்புட் 1 என்பதை நினைத்தால் இது மறக்காது.

போக்கு நம் பதில்கள் செல்லும் குழாய்: நாம் போக்கு[1]-ல் எழுதுவோம், கருவி போக்கு[0]-ல் படிக்கும். வரவு அதன் கேள்விகள் வரும் குழாய்: கருவி வரவு[1]-ல் எழுதும், நாம் வரவு[0]-ல் படிப்போம்.

இனி, ஓடும் நிரலை அப்படியே நகலெடுக்கும் ஃபோர்க். மூலம் தாய், நகல் சேய். திரும்பி வரும் எண் 0 என்றால் நாம் சேய் ப்ராசஸுக்குள் இருக்கிறோம். 0-ஐவிடப் பெரிதென்றால் தாய்க்குள், கையில் இருப்பது சேயின் எண். -1 என்றால் பிறக்கவே இல்லை.

சேய் செய்ய வேண்டியது, வரிசை மாறாமல்: டிஸ்க்ரிப்டரை நகலெடுக்கும் டூப்2 கொண்டு போக்கு[0]-ஐ 0-ன் மேல் வைக்க வேண்டும். வரவு[1]-ஐ 1-ன் மேல் வைக்க வேண்டும். கேள்வி ஸ்டாண்டர்ட் எரரில் வரும் கருவி என்றால் வரவு[1]-ஐ 2-ன் மேலும் வைக்க வேண்டும். பிறகு போக்கு[0], போக்கு[1], வரவு[0], வரவு[1] நான்கையும் க்ளோஸ் செய்ய வேண்டும். கடைசியில், சேயின் இடத்தில் கருவியை ஏற்றி ஓட்டும் எக்ஸெக்விபி.

தாய் செய்ய வேண்டியது: போக்கு[0]-ஐயும் வரவு[1]-ஐயும் க்ளோஸ் செய்வது. அதோடு சரி.

இந்த க்ளோஸ்கள்தான் உயிர்நாடி

பார்க்கச் சுத்தம் செய்யும் வேலை போலத் தெரியும். விட்டுவிட்டாலும் முதல் சோதனையில் நிரல் ஓடிவிடும். அதனால்தான் இங்கே நின்று சொல்கிறேன்.

பைப்பின் படிக்கும் முனையில் இருப்பவருக்கு "இனி எதுவும் வராது" என்ற செய்தி, அதாவது இஓஎஃப், எப்போது கிடைக்கும்? எழுதும் முனையின் எல்லா நகல்களும் மூடிய பிறகு. ஒரு நகல் மீதி இருந்தாலும், யாராவது எழுதக்கூடும் என்று, இயங்குதளத்தின் மையமான கர்னல், படிக்கும் அழைப்பான ரீட்டை நிறுத்தி வைக்கும். ஃபோர்க் எல்லா டிஸ்க்ரிப்டரையும் இரட்டிப்பாக்குகிறது. ஆகவே சேய் தன்னிடம் உள்ள போக்கு[1] நகலை மூடாவிட்டால், தன் இன்புட்டுக்கான எழுதும் முனையைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். தாய் தன் பக்கத்தை மூடினாலும் சேய்க்கு இஓஎஃப் வராது. தன்னிடமிருந்தே ஏதாவது வரும் என்று காத்துக் கிடக்கும். மறுபக்கம், தாய் வரவு[1]-ஐ மூடாவிட்டால் சேய் இறந்த பிறகும் தாயின் ரீட் 0 தராது.

ஒரே நேரத்தில் பல கருவிகளை ஓட்டும் நிரலில் இது இன்னும் சிக்கலாகும். இரண்டாவது சேய் பிறக்கும்போது, முதல் சேய்க்கான போக்கு[1] தாயிடம் திறந்திருக்கும்; அதுவும் பரம்பரையாக இறங்கிவிடும். பைப்புக்குப் பதிலாக பைப்2-ஐ ஓ_க்ளோஎக்ஸெக் கொடியோடு அழைத்தால், எக்ஸெக் நடக்கும் நொடியில் அந்த முனைகள் தாமே மூடிக்கொள்ளும். டூப்2 செய்த நகலுக்கு அந்தக் கொடி ஒட்டாது. ஆகவே 0, 1, 2 பத்திரமாக இருக்கும். புதிதாக எழுதுபவர்கள் தொடக்கத்திலிருந்தே பைப்2-ஐப் பழகுவது நல்லது.

எக்ஸெக் அருகே சில சின்னக் கவனங்கள்

எக்ஸெக்விபி வெற்றி பெற்றால் திரும்பாது. அடுத்த வரிக்கு வந்தாலே தோல்விதான். அங்கே 127 என்ற எண்ணோடு _எக்ஸிட் அழையுங்கள். ஷெல்லும் "கமாண்ட் கிடைக்கவில்லை" என்பதற்கு இதே எண்ணைத்தான் தருகிறது. முன்னால் அடிக்கோடு இல்லாத எக்ஸிட்டை அழைத்தால், தாயின் பஃபரில் இருந்து நகலாகி வந்த எழுத்துகளைச் சேயும் ஒருமுறை கொட்டிவிட்டுப் போகும். அவை நேரே வரவு குழாய்க்குள் விழுந்து, கருவி சொன்னதுபோலவே உங்களுக்குத் தோன்றும்.

எக்ஸெக்குக்கு முன் சேயில் எல்சி_ஆல் சூழல் மாறியைச் சி என்று வையுங்கள். மொழி அமைப்பு மாறினால் கேள்வியின் வாசகம் மாறும். பல கருவிகளில் ஆம், இல்லை என்பதற்கு ஏற்கப்படும் எழுத்தும் மாறும். உங்கள் கணினியில் ஓடியது நண்பரின் கணினியில் நின்றுபோக இது ஒன்றே போதும்.

பிறகு சிக்பைப். கருவி செத்த பிறகு போக்கு[1]-ல் எழுதினால் கர்னல் நமக்கு சிக்பைப் சிக்னல் அனுப்பும். இயல்பு நிலையில் நம் நிரல் சத்தமில்லாமல் இறந்துவிடும். தாயில் அதை சிக்_இக்ன் என்று புறக்கணித்தால் ரைட் -1 தந்து, பிழை எண் நிற்கும் மாறியான எர்நோவில் இபைப் இருக்கும்; நாம் முறையாகக் கையாளலாம். ஆனால் புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் இறங்கும். ஆகவே சேயில் எக்ஸெக்குக்கு முன் சிக்_டிஎஃப்எல் என்று பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கருவி எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும், காரணம் கண்டுபிடிக்க வெகுநேரம் பிடிக்கும்.

கேள்வியைப் படிப்பது

பெரும்பாலோர் இங்கேதான் சிக்குகிறார்கள். வரவு[0]-ஐ எஃப்டிஓபனால் சுற்றி எஃப்கெட்ஸ் அல்லது கெட்லைனால் படிக்கத் தோன்றும். இரண்டும் வரி முடிவுக்காகக் காத்திருப்பவை. கேள்விக்கு வரி முடிவே கிடையாது. "தொடரலாமா? " என்று சொல்லி, ஒரு இடைவெளி விட்டு, கர்சரை அதே வரியில் நிறுத்திவிட்டுத்தான் கருவி நமக்காகக் காத்திருக்கிறது. நாமோ அந்த வரி முடியட்டும் என்று காத்திருக்கிறோம். யார் யாருக்காக என்று கேட்டுப் பார்த்தால் விடை உடனே தெரியும்: வரியை முடிக்க வேண்டியது நம் பதில்தான்.

ஆகவே வரிக் கணக்கை விட்டுவிடுங்கள். நேரே ரீட்டை அழைத்து, கிடைக்கும் பைட்டுகளை ஒரு பஃபரின் வாலில் சேருங்கள். ஒவ்வொரு முறை சேர்த்த பிறகும், திரண்ட எழுத்து நாம் எதிர்பார்க்கும் கேள்வியில் முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரு கேள்வி ஒரே ரீட்டில் முழுமையாக வரும் என்று எந்த உறுதியும் இல்லை. "தொட" ஒரு முறையும் "ரலாமா? " மறுமுறையும் வரலாம்; அல்லது முந்தைய செய்தி, கேள்வி எல்லாம் ஒட்டி ஒரே கட்டாக வரலாம். சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான். ரீட் தருவது சரம் அல்ல, வெறும் பைட்டுகள்; முடிவில் சுழியத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும், அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேள்வியை எங்கே தேடுகிறோம் என்பது. பஃபர் முழுக்க எஸ்டிஆர்எஸ்டிஆர் கொண்டு தேடினால், உதவிக் குறிப்பிலோ கோப்பின் பெயரிலோ அதே சொற்கள் வந்து நம்மை ஏமாற்றும். வாலில் மட்டும் ஒப்பிடுங்கள். மெம்கம்ப் ஒன்றே போதும். கேள்வி அடையாளம் தெரிந்து பதில் அனுப்பியதும் பஃபரைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் பழைய கேள்விக்கே மறுபடி பதில் போகும்.

ரீட்டை நேரடியாக அழைத்தால் தரவு வரும்வரை நின்றுவிடும் என்பதால், அதற்கு முன், தரவு வந்திருக்கிறதா என்று பார்க்கும் "போல்" என்ற செயற்கூறை அழையுங்கள். கவனிக்க வேண்டிய டிஸ்க்ரிப்டர் வரவு[0], எதிர்பார்க்கும் நிகழ்வு போல்இன், காலவரம்பு மில்லிநொடியில்; நான் 10000-ல் தொடங்கி, கருவியின் வேகத்தைப் பார்த்து மாற்றுவேன். போல் 0 தந்தால் நேரம் முடிந்தது. போல்ஹப் வந்தால் மறுமுனை மூடிவிட்டது. ஆனாலும் குழாயில் மிச்சம் இருக்கலாம், ரீட் 0 தரும்வரை படியுங்கள். இரண்டு அழைப்புமே சிக்னலால் இடையில் கலைந்து இஇன்டிஆர் தரலாம். அப்போது திரும்ப அழைத்தால் போதும்.

நேரம் முடிந்துவிட்டது, பஃபரின் வாலில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வாசகம் நிற்கிறது என்றால் என்ன செய்வது? ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். வெறும் என்டர்கூட அனுப்பாதீர்கள். அந்த வாசகத்தை அப்படியே அச்சிட்டு, கருவியை நிறுத்தி, பிழையோடு வெளியேறுங்கள். என் ஒன்பதாவது கருவியில் இந்த ஒரு கிளை இருந்திருந்தால், எட்டாவது கேள்வி திரையில் தெரிந்திருக்கும். அதோடு முடிந்திருக்கும்.

பதில் எழுதுவது

இது சுலபம். பதிலும் ஒரு புதுவரி எழுத்தும். சரத்தின் முடிவுச் சுழியத்தையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்; சில கருவிகளில் அது அடுத்த பதிலின் முதல் எழுத்தாக நின்று குழப்பும். ரைட் கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்பலாம், ஆகவே மிச்சத்தை எழுதும் ஒரு சின்ன லூப் வேண்டும். எஃப்டிஓபன் செய்து எஃப்பிரிண்ட்எஃப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பதிலுக்கும் பின், பஃபரில் உள்ளதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் கட்டாயம். இல்லாவிட்டால் பதில் நம் பஃபரிலேயே உட்கார்ந்திருக்க, கருவி காத்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பதில்தான். முன்கூட்டியே எல்லாவற்றையும் அனுப்பினால் கருவியின் பஃபர் மொத்தத்தையும் ஒரே வாயில் விழுங்கிவிடும். அந்தக் கருவி உள்ளே இன்னொரு கருவியை ஓட்டி, அதுவும் அதே இன்புட்டைப் படிப்பதாக இருந்தால், அதற்கு வைத்திருந்த பதில் முதலாவதன் வயிற்றில் போய்விட்டிருக்கும்.

அருகில் வைத்து ஒன்று பார்ப்போம்

எஸ்எஸ்எச்-கீஜென்னை எடுத்துக்கொள்ளுங்கள். -எஃப் ஆப்ஷனில் ஏற்கெனவே உள்ள ஒரு சோதனைக் கோப்பின் பெயரையும், -என் ஆப்ஷனில் வெற்றுச் சரத்தையும் கொடுக்கிறோம். உங்கள் உண்மையான சாவிக் கோப்பில் இதைச் செய்துவிடாதீர்கள். /டிஎம்பி-யில் ஒரு சாவியை உருவாக்கி அதன்மேல் பழகுங்கள்.

சாவி உருவாக்குகிறேன் என்று ஒரு வரி. கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு வரி. பிறகு வரி முடியாமல் "ஓவர்ரைட் (ஒய்/என்)? ", கேள்விக்குறிக்குப் பின் ஒரு இடைவெளியோடு. இந்த நிரலை எழுதியவர்கள் கேள்வியை அச்சிட்டதும் எஃப்ஃப்ளஷ் அழைத்திருக்கிறார்கள். அதனால் பைப்பிலும் கேள்வி உடனே வந்து சேர்கிறது. பதிலை ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து எஃப்கெட்ஸ் கொண்டு எடுத்து, முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஒய் தவிர வேறெது வந்தாலும், இஓஎஃப் வந்தாலும், "வேண்டாம்" என்றே பொருள். நிரல் 1 என்ற எண்ணோடு முடிந்துவிடும்.

நம் பக்கம்: போல், ரீட், சேர்ப்பு, வால் ஒப்பீடு. கடைசி இடைவெளியை மறந்து கேள்விக்குறியோடு ஒப்பிட்டால் பொருந்தாது. பத்து நொடி கழித்து நேரம் முடிந்தது என்று வரும். அப்போது பஃபரை அச்சிடும்போது முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குறி போட்டு அச்சிடுங்கள், ஒளிந்திருக்கும் இடைவெளி கண்ணில் படும். பொருந்தியதும் ஒய், புதுவரி, இரண்டே பைட்டுகள்.

பதில் போனதும் உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கருவி இன்னும் பேசும்: சாவி எங்கே சேமிக்கப்பட்டது, அதன் கைரேகை என்ன, சின்ன எழுத்துச் சித்திரம் எல்லாம் வரும். ரீட் 0 தரும்வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வரவு[0]-ஐ மூடினால், கருவி எழுத முயலும்போது இந்த முறை சிக்பைப் அதைக் கொல்லும்.

கருவி கேள்வியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டால்

எல்லாக் கருவியும் அப்படி எஃப்ஃப்ளஷ் அழைப்பதில்லை. சி லைப்ரரியின் ஸ்டாண்டர்ட் அவுட்புட், எதிரே டெர்மினல் இருந்தால் வரிக்கு வரி வெளியே தள்ளும். பைப்போ கோப்போ இருந்தால் பஃபர் நிறையும்வரை சேர்த்து வைக்கும். பைப்புக்கு அந்த பஃபர் வழக்கமாக 4096 பைட்டுகள். "பெயர்? " என்று சில பைட்டுகளை எழுதிவிட்டுக் கருவி பதிலுக்காக உட்கார்ந்துவிடும், அந்தச் சில பைட்டுகள் வெளியே வந்திருக்காது. நாம் கேள்விக்காக, அது பதிலுக்காக. ஸ்டாண்டர்ட் எரருக்கு பஃபர் இல்லாததால் ஆர்எம் -ஐ போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

நம் பக்கத்தில் என்ன செய்தாலும் இது தீராது. பஃபர் முறையை மாற்றும் செட்விபஃபைத் தாயில் அழைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நம் பஃபரைத்தான் மாற்றும், எக்ஸெக்குக்குப் பின் கருவிக்குத் தன் சொந்த பஃபர். கருவியின் மூலக்கோடு உங்களிடம் இருந்தால் கேள்விக்குப் பின் ஒரு எஃப்ஃப்ளஷ் சேருங்கள், அதுவே நிரந்தரத் தீர்வு. இல்லையென்றால் ஸ்டட்பஃப் என்ற கமாண்டை -ஓ0 ஆப்ஷனோடு முன்னால் போட்டு அதன்வழியே கருவியை ஓட்டுங்கள். வரி பஃபருக்கான -ஓஎல் நமக்கு உதவாது, கேள்விக்குத்தான் வரி முடிவு இல்லையே. ஸ்டட்பஃப் ஒரு லைப்ரரியை முன்கூட்டி ஏற்றி வேலை செய்வதால், சி லைப்ரரியை டைனமிக்காக இணைத்த கருவிகளிடம் மட்டுமே பலிக்கும். பைதானில் எழுதிய கருவிக்கு அது பொருந்தாது. அங்கே பைதான்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறியை 1 என்று வைக்கலாம்.

பிடிஒய்: டெர்மினல் போலவே நடிக்கும் குழாய்

ஸ்டட்பஃபும் பலிக்கவில்லை, அல்லது கருவி /டெவ்/டிடிஒய் திறக்கிறது என்றால் போலி டெர்மினல்தான் வழி. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் இருந்த டான் லைப்ஸ் 1990-ல் அறிமுகப்படுத்திய எக்ஸ்பெக்ட் என்ற கருவி இதன் மேல்தான் நிற்கிறது. ஷெல் அளவிலேயே வேலை முடியுமென்றால் எக்ஸ்பெக்டையே பயன்படுத்துங்கள், தவறில்லை.

சி-யில் ஃபோர்க்பிடிஒய் என்ற ஒரே அழைப்பு போலி டெர்மினலைத் திறந்து, ஃபோர்க் செய்து, சேயின் 0, 1, 2 மூன்றையும் அதில் மாட்டி, அதையே சேயின் கட்டுப்பாட்டு டெர்மினலாகவும் ஆக்கித் தரும். தாய்க்கு ஒரே டிஸ்க்ரிப்டர். படிப்பதும் எழுதுவதும் அதிலேயே. குனு சி லைப்ரரி 2.34-க்கு முந்தையது என்றால் கம்பைல் செய்யும்போது யூட்டில் லைப்ரரியையும் இணைக்க வேண்டும்.

மேலே எழுதிய போல், ரீட், வால் ஒப்பீடு எல்லாம் அப்படியே ஓடும். ஆனால் சில பழக்கங்கள் மாறும். நாம் அனுப்பும் பதில் எதிரொலியாக நமக்கே திரும்பி வரும். வேண்டாமென்றால் டிசிகெட்ஆட்டர், டிசிசெட்ஆட்டர் கொண்டு எக்கோ கொடியை அணையுங்கள். கருவி அனுப்பும் ஒவ்வொரு புதுவரிக்கு முன்னும் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒன்று சேர்ந்து வரும். கருவி முடிந்ததும் லினக்ஸில் ரீட் 0 தராமல் -1 தந்து இஐஓ என்று சொல்லும். அது பிழையல்ல, முடிவு. இஓஎஃப் அனுப்ப டிஸ்க்ரிப்டரை மூடக் கூடாது; வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல்-டி, அதாவது 4 என்ற பைட்டை எழுத வேண்டும். கடவுச்சொல் கேட்கும் கருவிகள் சில, கேள்வி கேட்கும் நொடியில் அதுவரை தட்டியதை எறிந்துவிடும். கேள்வி வந்த பிறகே பதில் என்ற ஒழுங்கு இங்கே இன்னும் அவசியம்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை: அதைக் கமாண்டின் ஆர்கியுமென்டாகக் கொடுக்காதீர்கள், ப்ராசஸ் பட்டியலைக் காட்டும் பிஎஸ் கமாண்டை ஓட்டுபவர் கண்ணில் படும். கோப்பிலிருந்து எடுத்து, எழுதி முடித்ததும் நினைவகத்தை எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ கொண்டு அழியுங்கள். சோதனைக்கு வைத்த அச்சு வரிகளில் அது போகிறதா என்றும் பாருங்கள்.

முடிப்பதும், நின்றுபோனால் பார்ப்பதும்

கேள்வி பதில் முடிந்ததும் போக்கு[1]-ஐ மூடுங்கள், வரவு[0]-ஐ வற்றும்வரை படியுங்கள், பிறகு சேய் முடியும்வரை காத்திருந்து அதன் முடிவு நிலையை வாங்கும் வெயிட்பிஐடி. இந்த வரிசையை மாற்றி முதலில் வெயிட்பிஐடி அழைத்தால் என்ன ஆகும்? லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு இயல்பாக 65536 பைட்டுகள். கருவி அதைவிட அதிகமாக எழுதினால், யாராவது படிக்கட்டும் என்று அது நிற்கும். அது முடியட்டும் என்று நாம் நிற்போம். சின்ன அவுட்புட்டில் தெரியாது, பெரிய அவுட்புட்டில்தான் தலைகாட்டும். நேரம் முடிந்து கருவியை நிறுத்துவதானால் முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் அனுப்பி, சில நொடி பார்த்து, பிறகே கட்டாயமாக நிறுத்தும் சிக்கில். அதன்பின்னும் வெயிட்பிஐடி உண்டு, இல்லாவிட்டால் இறந்தும் பட்டியலில் தங்கும் ப்ராசஸ், அதாவது ஸோம்பி, சேரும். டபிள்யூஇஃப்எக்ஸிட்டெட் உண்மையானால், அதாவது கருவி தானே வெளியேறியிருந்தால், வெளியேறிய எண்ணைப் பாருங்கள். கருவி ஒழுங்காகப் பேசியது என்பதற்காக ஒழுங்காக முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

எங்காவது நின்றுபோனால் இன்னொரு டெர்மினலைத் திறந்து நிரல் கர்னலை அழைக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை -பி ஆப்ஷனோடு தாயின் எண்ணுக்கும் சேயின் எண்ணுக்கும் மாட்டுங்கள். நிற்கும் அழைப்பு அடைப்புக்குறி மூடாமல் பாதி வரியாகத் தொங்கும். சேயில் "ரீட்(0, " என்று தொங்குகிறது, தாயில் போல் தொங்குகிறது என்றால், கருவி பதிலுக்குக் காத்திருக்கிறது, கேள்வி நம்மை வந்து சேரவில்லை: பஃபர், அல்லது ஸ்டாண்டர்ட் எரரை மாட்டாமல் விட்டது, அல்லது வால் ஒப்பீடு தவறியது. சேயில் "ரைட்(1, " என்று தொங்கினால் குழாய் நிறைந்துவிட்டது, நாம் படிக்கவில்லை. பதில்கள் எல்லாம் போன பிறகும் சேயில் "ரீட்(0, " என்றால், எழுதும் முனையின் நகல் எங்கோ திறந்திருக்கிறது. அப்போது /ப்ராக் கோப்பகத்தில் அந்தந்தப் ப்ராசஸ் எண்ணின் கீழே உள்ள எஃப்டி கோப்பகத்தை எல்எஸ் -எல் கொண்டு பாருங்கள். ஒவ்வொரு பைப்புக்கும் எதிரே ஒரு எண் இருக்கும். ஒரே எண் தாயிலும் சேயிலும் எத்தனை முறை, எந்த டிஸ்க்ரிப்டரில் வருகிறது என்று எண்ணுங்கள். சேயில் 0-க்கு எதிரே உள்ள எண்ணே சேயின் 4-லோ 6-லோ மறுபடி வந்தால், நீங்கள் மூட மறந்த முனை அதுதான்.